திருகூசிக்கு மூன்று சுற்று

கட்டிலுக்குப் பாவாடை கட்டுவது என் தொழில். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். தங்கும் விடுதிகளில் பார்த்திருப்பீர்கள்: மெத்தைக்குக் கீழே கொசுவம் வைத்த துணி ஒன்று மூன்று பக்கமும் தரையைத் தொட்டுத் தொங்கும். கட்டில் காலையும் அடியில் கிடக்கும் தூசியையும் மறைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. ஆனால் நழுவாமல் நிற்க வேண்டும். நிற்க வைப்பவன் நான். மகளின் பள்ளிப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் என் மனைவி 'தையல்' என்று எழுதிவிட்டாள். பாவாடை என்று எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, என் அண்ணியைப் பற்றி. அவரைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. வேறு யாரும் பேசப்போவதும் இல்லை என்பதால் பேசுகிறேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது. அம்மா போய்விட்ட வீடு. அப்பா எப்போதோ போய்விட்டார். அண்ணன் பம்ப் மெக்கானிக். கிரீஸ் படிந்த கையாலேயே சமைப்பான், அதே கையால் என் முதுகில் ஒன்று வைப்பான். அண்ணி வந்த மூன்றாம் நாள்தான் எங்கள் வீட்டுப் பாத்திரங்களின் உண்மையான நிறம் எனக்குத் தெரிந்தது. பெருக்குவது, துடைப்பது, மடிப்பது என்று எதிலும் அவர் கை அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் வேலை முதலில் முடிவது அவருக்குத்தான்.

அடுத்த வருஷமே விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாம் மாடி, பதினெட்டு அறை. அங்கேயே பத்தொன்பது வருஷம் இருந்து அந்த மாடிக்கு மேற்பார்வையாளரும் ஆனார். விடுதியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மூணாம் மாடி அக்கா' என்றால் போதும், வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். விரிப்பு போட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை உள்ளங்கையால் தடவுவார். ஒரு தலைமுடி கிடந்தாலும் கை அங்கே நின்றுவிடும். புதிதாகச் சேரும் பெண்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "கண்ண நம்பாத. தடவிப் பாரு."

அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிப் படிகளை எல்லாம் ஏறி இறங்கிவிட்டு ஒரு கட்டத்தில் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணமாகி என் மனைவி உண்டானபோது என்னைவிட அண்ணிதான் அதிகம் அலட்டிக்கொண்டார். விடுதியில் கழித்துப்போடும் பழைய விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்தார். நூறு சலவை கண்ட துணி, பூப்போல இருக்கும். அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, நாற்பது துணி அடுக்கி வைத்தார். "பொறக்கட்டும். குளிப்பாட்டுறது நான்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்று என் மனைவியிடம் உரிமையாகச் சொல்லியும் வைத்தார்.

எனக்கு விடுதி வேலையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். திரைச்சீலையும் கட்டில் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டு நின்றுவிட, அண்ணி போய் மேனேஜரிடம் பேசினார். ஆறு மாதம் பார்ப்பார்கள், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம். "என் பேரக் கெடுத்துடாத" என்று மட்டும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பாவாடையை நிறுத்தப் பல வழி இருக்கிறது. எலாஸ்டிக் பட்டி கட்டிலைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும், நாளாக ஆகத் தொய்ந்துவிடும். வெல்க்ரோ என்கிற ஒட்டுப்பட்டியில் நாலு சலவைக்குள் பஞ்சு அடைத்துப் பிடிப்பு போய்விடும். சாதாரண ஊக்கு கொசுவத்தையே கிழித்துவிடும். எங்கள் விடுதியில் வைத்திருந்தது திருகூசி. சின்னஞ்சிறு ஸ்பிரிங் போலச் சுருண்ட கம்பி, தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி நிற வில்லை. மெத்தையைத் தாங்கும் அடிப்பெட்டியின் துணியில் முனையை வைத்து மூன்று சுற்று திருக வேண்டும். மூன்றும் கொடுத்தால் யானை இழுத்தாலும் வராது. சாணுக்கு ஒன்று என்று ஒரு பெரிய கட்டிலுக்கு இருபத்தாறு ஊசி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றி, துணியைச் சலவைக்குப் போட்டு, திரும்ப மாட்ட வேண்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தோல் உரிந்து, டீ டம்ளரைப் பிடித்தால்கூட எரியும்.

மூன்றாவது மாதம் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒரு சுற்று கொடுத்துவிட்டுக் கட்டை விரலால் ஓர் அமுக்கு அமுக்கினால் வில்லை துணியோடு படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று சுற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு அறைக்கு எடுத்த நேரத்தில் இரண்டு அறை முடிந்தது. மேனேஜர் தட்டிக்கொடுத்தார். என்ன வேகம்ப்பா உனக்கு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு மாடியையும் அப்படியே முடித்தேன்.

ஐந்தாவது மாதம் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் வந்து தங்கியது. தவழும் வயதில் ஒரு குழந்தை. கட்டில் ஓரமாகத் தவழ்ந்துபோய்த் தரையில் கிடந்த ஊசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. முனை ஈறில் ஏறி வாயெல்லாம் ரத்தம். தாய் விரலை விட்டு ஊசியை வெளியே எடுத்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்து, ஈறு காயம் மட்டும்தான், பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் நானும் அண்ணியும் நின்றோம். மேசைமேல் ஒரு காகிதத்தில் அந்த ஊசி இருந்தது. முந்தின நாள் அந்த அறையைக் கூட்டியது அண்ணிதான். அந்த மாடிப் பெண் ஒருத்தி வராததால் அவரே இறங்கிச் செய்திருக்கிறார்.

"இது எப்படிப்பா கழண்டு விழும்?" என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

மனைவிக்கு ஆறாம் மாதம், வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். இதெல்லாம் காரணம் என்று இப்போது அடுக்குகிறேன். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் கூசாமல் வந்தது.

"மூணு சுத்து குடுத்தா அது தானா வராது சார். கூட்டும்போது துணியப் புடிச்சு இழுத்தாதான் வரும்."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். "இழுத்திருப்பேன் சார். நேத்து ஆள் இல்ல, அவசரம். தப்பு என்னுதுதான்."

அன்றே அவரை மாடியிலிருந்து இறக்கிக் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் போட்டார்கள். படி இறங்கும்போது எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். "நீ பயப்படாத தம்பி, உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. எப்படி இழுத்தேன்னுதான் நெனவே வரல" என்றார். நான் ஏதோ முனகினேன். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது.

ஒன்று செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே ஒவ்வொரு அறையாகப் போய் எல்லா ஊசியையும் மூன்று சுற்று திருகி முடித்தேன். யாரும் சொல்லாமலே செய்தேன். விரல் பழுத்துச் சீழ் வைத்தது. வலிக்க வலிக்க, செய்ததற்கு ஈடாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மானங்கெட்ட சமாதானம்.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு அண்ணி நாற்பது துணியோடும் வெந்நீர் பிளாஸ்கோடும் வந்தார். என் மனைவி ஆசையாகக் குழந்தையை நீட்டினாள். அண்ணி ஓர் அடி பின்னால் வைத்தார்.

"பஸ்ல வந்த கை. கழுவல" என்றார். கழுவிவிட்டு வந்தும் வாங்கவில்லை. பிளாஸ்க் மூடியைத் திறந்தார், மூடினார், சரியாக மூடியிருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊசியும் அந்தக் குழந்தையும்தான் அவர் கையைப் பின்னால் இழுக்கின்றன. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் என் மகளைத் தூக்குவார். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் சளி பிடித்திருக்கிறது என்றார், முதுகு வலி என்றார். குளிப்பாட்ட வரவே இல்லை. துணிகளைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அண்ணன் இதைச் சிரிப்பாகச் சொன்னான்: "டேய், உங்க அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு. கேஸ மூடிட்டு மூணு தடவ போய்ப் பாக்குறா. பூட்டுன பூட்டையே புடிச்சுத் தொங்கிட்டு நிக்குறா. கிளம்பவே அரை மணி ஆவுது." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. "என் புள்ளையத் தூக்குனா உங்க அண்ணி என்ன கொறஞ்சா போயிடுவாங்க?" என்று ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் அது வேறு இடத்துக்குப் போனது. "வயித்தெரிச்சல்தான். வேற என்ன. தனக்கு இல்லேன்னு."

"விடு, அவங்க சுபாவம் அது" என்றேன். பூசி மெழுகுவதாக நினைத்துத்தான் சொன்னேன். அண்ணிக்கு அப்படி ஒரு சுபாவம் உண்டு என்று என் வாயாலேயே சாட்சி சொல்லியிருக்கிறேன். ஒரு பொய்க்கு இரண்டு பொய் ஆனது. போக்குவரத்து குறைந்தது. நாலு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. மாதத்துக்கு ஒரு முறை போவதே பெரிய காரியமானது.

மகளுக்கு இரண்டு வயது முடிந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். நானும் அண்ணனும் கூடத்தில் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். மனைவி அடுக்களையில் இருந்தாள். மகள் தெருவைப் பார்க்க ஜன்னலோர நாற்காலிமேல் ஏறினாள். அண்ணி பக்கத்தில்தான் நின்றார், கைக்கெட்டும் தூரம். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணியின் இரண்டு கையும் எழும்பின, எழும்பி நெஞ்சோடு நின்றுவிட்டன.

"யாராச்சும் புடிங்க" என்றார்.

யார் பிடிப்பது? குழந்தை ஜன்னல் விளிம்பில் மோவாய் இடித்துக் கீழே விழுந்தாள். ரத்தம் கொட்டியது. ஓடிவந்த மனைவி குழந்தையை வாரிக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள்.

"பக்கத்துலதானக்கா நின்னீங்க. ஒரு கை நீட்டியிருந்தா போதுமே."

அண்ணியின் கைகள் இன்னும் நெஞ்சோடுதான் இருந்தன.

"பெத்திருந்தா தெரியும்."

அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வைத்தான். பேச வேண்டியவன் நான் ஒருவன்தான்; அது எனக்கு நன்றாகவே தெரியும். எழுந்து, "கிளம்பு, டாக்டர்கிட்ட போகணும்" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. மோவாயில் இரண்டு தையல் போட்டார்கள். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று மனைவி சொன்னாள். சரி என்றேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் நேராகச் சலவைக்கூடத்துக்கு இறங்கினேன். இரண்டு வருஷத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை; என் துணிகளைக்கூட வேறு ஆளிடம்தான் கொடுத்து அனுப்புவேன். உள்ளே ஒரே ஆவி. அண்ணி நீள மேசைமுன் நின்று தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து அடுக்கியதைத் திரும்பப் பிரித்து எண்ணினார். எண்ணி அடுக்கிவிட்டு மறுபடி மேலிருந்து எடுக்க ஆரம்பித்தார். விரிப்பில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தவர் இவர்தானா என்று இருந்தது.

"தையல் போட்டாங்களா?" என்று என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ரெண்டு."

"ரொம்ப அழுதாளா?"

"கொஞ்ச நேரந்தான். அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த ஊசிக்கு நான் மூணு சுத்து குடுக்கல. ஒரு சுத்துதான். எல்லா ரூம்லயும் அப்படித்தான் வெச்சேன். நீங்க இழுக்கல அண்ணி. சும்மா கூட்டுனாலே விழுந்திருக்கும்."

கையில் இருந்த உறையை மடித்து முடித்தார். ஓரத்தை நீவிவிட்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே."

"மேனேஜர் ரூம்ல நிக்கும்போதா?"

"ஆமா."

பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த துணிக்கூடைமேல் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்து, கடையில் துணி பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எத்தன தடவ நெனச்சுப் பாத்திருப்பேன் தெரியுமா" என்றார். குரல் உயரவே இல்லை. "எங்க நின்னேன், எந்தப் பக்கம் கூட்டினேன், எப்படிக் குனிஞ்சேன்னு. நெனச்சு நெனச்சு, கடைசில இழுத்தா மாதிரியே ஞாபகம் வந்துடுச்சுடா. இப்பவும் இருக்கு. துணி கைல வழுக்குறது வரைக்கும் இருக்கு."

மடியில் இருந்த கையை விரித்தார்.

"நேத்து அவ விழும்போது என் கை போச்சு. பாதி தூரம் போச்சு. நான்தான் இழுத்து வெச்சுக்கிட்டேன்."

மன்னிச்சிடுங்க அண்ணி என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"மேனேஜர்கிட்ட?"

"இல்ல."

"உங்க அண்ணன்கிட்ட?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்போ எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்திருக்க."

சரியாகப் பிடித்துவிட்டார். அதற்குத்தான் போயிருந்தேன். அவரிடம் சொன்னால் வேலை போகாது, வீட்டில் சண்டை வராது, என் பாரமும் இறங்கும். இத்தனை பேரில் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஆளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். எனக்கு நானே கூசிப்போனேன்.

"மேல போய்ச் சொல்லு. அப்புறம் வீட்ல சொல்லு" என்றுவிட்டு எழுந்து உறைகளை எடுக்கப் போனார்.

மேலே போனேன். மேனேஜருக்கு எந்த ஊசி என்று ஞாபகம் வரவே ஐந்து நிமிஷம் ஆனது. "அட, அது எப்பவோ முடிஞ்சதுப்பா. அந்தக் குடும்பம் அப்புறம் ரெண்டு தடவ வந்து தங்கிட்டுப் போயாச்சு" என்றார். அண்ணியைத் திரும்ப மாடியில் போட முடியுமா என்று கேட்டேன். மாடிக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று, அந்தம்மா கீழே நன்றாகத்தானே இருக்கிறார் என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும்போது, எல்லாவற்றையும் எலாஸ்டிக்குக்கு மாற்றிவிட எத்தனை நாள் பிடிக்கும் என்று மட்டும் கேட்டார். நான் சொன்ன உண்மையால் அண்ணிக்கு ஒரு படிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். மகளுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்போ நான் அவங்கள அவ்வளவு பேசுனேனே" என்றாள். "ஒவ்வொரு தடவையும் நீங்க கேட்டுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க."

ஆமாம், கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். நானும் செருப்பைத் தேடினேன்; அவள் காத்திருக்கவில்லை. நாலு தெருவும் பத்தடி பின்னாலேயே நடந்தேன். திரும்பிப் பார்ப்பாள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தேன். அவள் பார்க்கவில்லை.

அண்ணிதான் கதவைத் திறந்தார். என் மனைவி என்னவெல்லாமோ பேசத் தயாராகித்தான் போயிருப்பாள். "அக்கா" என்பதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. அப்படியே குழந்தையை நீட்டினாள். அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அக்குளுக்குக் கீழே பிடித்து, சரியாக, பத்துப் பிள்ளை வளர்த்தவரைப் போல வாங்கினார்.

மகள் முதலில் மிரண்டு பார்த்தாள். அப்புறம் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டாள். தையல் போட்ட மோவாய் துடிக்க அம்மாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டி நீட்டி அழுதாள். "பெரியம்மாடி, பெரியம்மா" என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மெல்லக் குனிந்து, கால் தரையில் படும்படி இறக்கிவிட்டார். அவள் ஓடிப்போய் அம்மா காலைக் கட்டிக்கொண்டாள்.

"விடும்மா, அழவைக்காத. அவளுக்கு நான் புதுசுதானே" என்றார் அண்ணி.

பிறந்து இரண்டு வருஷம், நாலு தெரு தூரம், சொந்தப் பெரியம்மா. நான் படியிலேயே நின்றிருந்தேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போயிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.